கண்ணாடிக்குள் இருந்த காக்கா

காக்கா இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது என் வீட்டுக்காரர் டாக்சி டிரைவருக்குப் பாதி முகம் மழித்து முடித்திருந்தார். மீதிப் பாதியில் சோப்பு நுரை. கத்தியை மடக்கி மேசைமேல் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த டிரைவர், "அண்ணே, எனக்கும் அழுகை வருது. ஆனா பாதி முகத்தை வச்சுக்கிட்டு எப்படி அழறது?" என்றார். இவர் உள்ளே வந்து மீதியை மழித்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காக்கா ஒரு ராக் பாடகர். எலெக்ட்ரிக் கிடாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, தொண்டை கிழியக் கரகரவென்று பாடுவார். பிடிக்காதவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. பிடித்தவர்கள் அதையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு கண்ணை மறைத்து நெற்றியில் விழும் கற்றை முடி அவருடைய அடையாளம். அந்தக் கற்றைதான் முப்பது வருடமாக எங்களுக்குச் சோறு போட்டது.

எங்கள் சலூனில் மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி. நடுக்கண்ணாடியை ஒட்டி காக்காவின் போஸ்டர். இவர் ஒரு கண்ணைப் போஸ்டரிலும் ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் வைத்து வெட்டுவார். கண்ணாடியில் தெரிகிற தலையும் போஸ்டரில் இருக்கிற தலையும் அச்சு அசலாக ஒன்றாகும்வரை ஆளை எழுந்திருக்க விடமாட்டார். கத்தரியும் காக்கா பாட்டின் தாளத்தில்தான் ஓடும். ரேடியோ ஓடாத மத்தியான நேரத்தில்கூட, வெயிலில் முடித்தூள் மிதந்துகொண்டிருக்க, எங்கோ தூரத்தில் யாரோ டிரம்ஸ் வாசிப்பதுபோல் இருக்கும். நாற்காலியில் இருப்பவர் அப்படியே கண் சொருகிப்போவார்.

பல் டாக்டர், தபால்காரர், கணக்கு வாத்தியார் என்று தெருவில் பாதிப் பேர் காக்காதான். கிடாரைக் கையால் தொட்டவர் ஒருவர் கிடையாது. ஆனால் நடையைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, தொப்பை விழுந்த பிறகும் அந்தக் கற்றையை மட்டும் விடவில்லை. சிலருக்கு அது ஏழெட்டு முடியாகத் தேய்ந்துவிட்டது. அதையும் பத்திரமாக வாரிவிடுவார் இவர்.

ஊருக்கெல்லாம் வெட்டுகிற இவருக்கு வெட்டுவது யார்? நான்தான். மாதம் ஒரு முறை கடை விடுமுறையன்று அதே நடு நாற்காலியில் உட்காருவார். நான் வெட்ட, கண்ணாடியைப் பார்த்து அதிகாரம் தூள் பறக்கும். முடிந்ததும் போஸ்டரைப் பார்ப்பார், தன்னைப் பார்ப்பார், சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அத்தனை அதிகாரத்தையும் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டிரைவர் ஒரு செய்தித்தாளோடு வந்தார். ஒரு பக்கம் காக்காவின் பெரிய படம்; பக்கத்திலேயே எங்கள் தெருக்காரர்கள் பூவோடு நிற்கும் படம். டிரைவர் தயங்கித் தயங்கி, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு முடி இடது கண்ணுல விழுது. நமக்கெல்லாம் வலது கண்ணுல விழுதே?" என்றார்.

இவர் செய்தித்தாளைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரவர் தலையை அவரவர் கண்ணாடியில்தானே பார்க்கிறார்கள். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தே வெட்டியதால் வெளியே எல்லாம் பக்கம் மாறிப்போயிருந்தது.

"கண்ணாடி செஞ்ச வேலைண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க!" என்றார் டிரைவர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கண்ணாடிமேல பழி போடாதே" என்று சொல்லி, அவரை வெளியே அனுப்பி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் அஞ்சலிக் கூட்டம். காக்காவைப் பற்றி இவர் நாலு வார்த்தை பேசுவதாக இருந்தது. "போகமாட்டேன். அவருக்கு நான் செஞ்ச ஒரே மரியாதை அதுதான். அதையே தப்பாச் செஞ்சிருக்கேன். இனிமே கத்தரியைத் தொட மாட்டேன்" என்றார். சாப்பாட்டையும் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை நங்கென்று வைத்து, "முடி பக்கம் மாறினதுக்குச் சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நானே அழுதேன்.

கூட்டத்தன்று மத்தியானம் தானாகவே நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஷட்டருக்குக் கீழே ஒரு முழ வெயில் தரையில் கிடந்தது.

"மாத்திடு. இன்னிக்காவது சரியான பக்கம் இருக்கட்டும்."

வெட்டுவதற்கு முன் வாரிக் காட்டுவது எங்கள் கடை வழக்கம். துணியைப் போர்த்தி, தண்ணீர் அடித்து, கற்றையை இடது கண்மேல் வாரிவிட்டு ஒதுங்கி நின்றேன். இவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் நரைத்துப்போன, கண்ணுக்குக் கீழே பை விழுந்த யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். போஸ்டருக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"எங்கடி அவரு?" என்றார். "தினம் இங்கதானே இருந்தாரு... போயிட்டாருடி. நெஜமாவே போயிட்டாரு."

நாலு நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. போர்த்திய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுகை அடங்கியதும் என்னை உற்றுப் பார்த்தார். "டிரைவர் சொன்னப்போ நீ ஆச்சரியப்படவே இல்லையே. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"இந்தக் கடைக்குள்ள கால் வச்ச நாளிலேருந்து. நான் உங்களைக் கண்ணாடியிலயா பார்க்கறேன்? நேராப் பார்க்கறேன்."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"பஸ்ல எதிர் சீட்ல உங்களை முதல்ல பார்த்தேன். போஸ்டரை அப்புறம்தான் பார்த்தேன். அதைப் பார்த்ததும், யாருடா இந்தப் போஸ்டர்க்காரன், முடியைத் தப்பான பக்கம் விட்டிருக்கான்னுதான் எனக்குத் தோணுச்சு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் தோணுது."

அழுத கண்ணோடு சிரித்துவிட்டார். நான் சீப்பை எடுத்துக் கற்றையைப் பழையபடி வலது பக்கம் வாரிவிட்டேன். கண்ணாடிக்குள் காக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார், கொஞ்சம் வயதாகி.

இவர் துணியை உதறிவிட்டு எழுந்தார், நான் ஷட்டரைத் தூக்கினேன். வாசலில் டிரைவர், அவருக்குப் பின்னால் வாத்தியார், தபால்காரர், பல் டாக்டர். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ, தெரியவில்லை.

"கூட்டத்துக்குப் போகணும்ணே. கொஞ்சம் சரிபண்ணி விடுங்க" என்று டிரைவர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இவர் கத்தரியை எடுத்தார். "எந்தப் பக்கம்?"

டிரைவர் கண்ணாடியைக் காட்டினார். "எந்தப் பக்கம் விட்டா அவரு இதுக்குள்ள தெரிவாரோ, அந்தப் பக்கம்."