ஆரோக்கியசாமி வண்டிக்கு மாற்றுத் தொட்டி

பட்டறைக்காரனிடம் நல்ல வண்டியைக் கொண்டுவருகிற ஆசாமியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் நகம் கறுத்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். அறுபதுகளில் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் நான் பட்டறை வைத்திருந்தபோது, ஒரு பிக்கப் வண்டிக்குப் பழைய தொட்டி வாங்கி மாட்டியதை மட்டும் இப்போது சொல்கிறேன். தொட்டி என்றால் வண்டிக்குப் பின்னால் சாமான் ஏற்றும் பாகம்.

தானே பற்றிய கரி

ஆரோக்கியசாமி பண்ருட்டியிலிருந்து காய்கறி ஏற்றிவந்து நெய்வேலிக் கடைகளுக்குப் போடுபவன். பண்ருட்டியிலேயே அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, மாப்பிள்ளை நிலக்கரிக் கம்பெனியில் பர்மனென்ட்டா என்பதுதான். இவன் பர்மனென்ட் இல்லை, கான்ட்ராக்ட்கூட இல்லை. சொந்த வண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் தரகர் பேச்சை நகர்த்தியிருந்தார். வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வருவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து இவன் முத்தாண்டிக்குப்பம் செங்கல் சூளைக்குப் பழுப்பு நிலக்கரி ஏற்றினான். சூளைக்காரர் ஊரில் இல்லையென்று, தார்ப்பாயைப் போட்டு மூடி வெயிலில் அப்படியே விட்டுவிட்டான். நம் ஊர்க் கரியைக் குவித்து மூடி வைத்தால் தீக்குச்சியே வேண்டாம், தானே புகைந்து பற்றிக்கொள்ளும். இது நெய்வேலியில் கைக்குழந்தைக்கும் தெரியும். பலகை எரிந்து, தகடு அப்பளமாய் நெளிந்து வந்து நின்ற வண்டிக்குப் பக்கத்தில் பேயறைந்தவன் போல் நின்றுகொண்டு அவன் கேட்டான்:

“கரி ஈரமாத்தாண்ணே இருந்துச்சி. ஈரம் எப்பிடிண்ணே பத்திக்கும்?”

கடலூர் சரக்கு

புதுத் தொட்டி அடிக்க நாளும் இல்லை, அவனிடம் வசதியும் இல்லை. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அளவுக்குச் சரியாக ஒரு தொட்டி கிடந்தது. பலகை கெட்டி, கோணச்சட்டமும் உறுதி. ஆனால் கிட்டப் போனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பல வருஷம் மீன் ஏற்றிய தொட்டி. பிறகு பட்டறையில் சாம்பல், புளி, எலுமிச்சம்பழம் என்று என்னென்னவோ போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். வாடை கொஞ்சம் அடங்கியதே தவிர, போகவில்லை. இந்த வாடையைச் சொல்லித்தான் வாங்கும்போதே கடையில் விலையைக் குறைக்கப் பார்த்தேன். கடைக்காரர் அசையவில்லை.

“தொட்டிக்குத்தாங்க வெல சொன்னன். வாடைக்குன்னு நான் தனியா ஒண்ணும் கேக்கலியே.”

தூக்க வந்தவர்கள்

என் பட்டறையில் கிரேன் ஏது? கனமாக எதையாவது தூக்கவேண்டுமென்றால் சுரங்கத்தில் ஷிப்டு முடியும்வரை காத்திருப்பேன். சங்கு ஊதியதும் சைக்கிளில் வருகிறவர்களைக் கும்பிட்டுக் கூப்பிட்டால் இறங்கி வந்து கைகொடுப்பார்கள். கூலி கிடையாது, எதிர்க்கடையில் ஆளுக்கொரு டீ. அதுதான் ஊர் வழக்கம்.

அன்றைக்கும் நல்ல கூட்டம். மதுரைக்காரர் இங்கிட்டுத் தள்ளச் சொன்னார். கோயமுத்தூர்க்காரர் அப்படித் தள்ளக் கூடாதுங்க என்றார். சுரங்கத்தில் ராட்சச இயந்திரத்தையே பூட்டியவன் நான் என்று இன்னொருவர் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். யோசனைகள் ஏறிக்கொண்டே போயின, தொட்டி மட்டும் தரையிலேயே கிடந்தது. ஆரோக்கியசாமி மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தான். பாய்லரைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்த டீக்கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார்:

“எல்லாரும் மேஸ்திரியா இருக்கீங்களே, தூக்கறவங்க யாருன்னு சொல்லுங்க, அவங்களுக்கு மட்டும் டீ போடறன்!”

ரோஷம் வந்து ஒரே மூச்சில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

பெட்ரோல் பங்க்கில்

சேஸிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே பழைய டயர்த் துண்டு கொடுத்து, போல்ட் முறுக்கி, சனிக்கிழமை பெயிண்டும் அடித்தாகிவிட்டது. வண்டி பளபளவென்று நின்றது. மாப்பிள்ளையும் நானும் ஜம்மென்று ஏறிப் பெட்ரோல் போடப் போனோம். எரிந்துபோன தொட்டியின் பக்கவாட்டில் டேங்க் வாய்க்கு இடம் வெட்டியிருந்தது. மீன் தொட்டியில் அது இல்லை. டேங்க் வாயைப் பலகைக்கு அடியில் வைத்து அழகாக மூடியிருந்தோம். பங்க்காரர் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“வண்டி ஜோரா இருக்குதுங்க. எங்க ஊத்தறதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா ஊத்திடுவன்.”

ஞாயிற்றுக்கிழமை

ஓட்டை போட்டு, மறுபடி பெயிண்ட் தொட்டு வைத்தோம். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார்கள் பெண்ணின் அப்பா சவரிமுத்துவும், பெண் பிலோமினாவும். அவருக்குப் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகை. தொட்டியில் ஏறி மிதித்துப் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

“காய்கறி வண்டியில ஏது மீன் வாடை? இது வேற வண்டித் தொட்டியா?”

மீன் ஏற்ற ஒருநாள் வாடகைக்குப் போனேன் என்று சொல்லச் சொல்லி அவனுக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தேன். அவனும் காலையில் கோயிலுக்குப் போயிருந்தான், பூசை கண்டு வந்த வாய்க்குப் பொய் வரவில்லை. “கரிய மூடி வெச்சிட்டு வுட்டுட்டன் மாமா. எரிஞ்சி போச்சி. இது பழசு வாங்கி மாட்டினது” என்று போட்டு உடைத்துவிட்டான். இந்தச் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதே என்று தவித்தேன். அந்தப் பையன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். “வண்டியவே பாத்துக்கத் தெரியாதவன்கிட்ட பொண்ண எப்பிடி...” என்று சொல்லிக்கொண்டே சவரிமுத்து கீழே இறங்கினார்.

அதுவரை பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா, அப்பா பக்கம் திரும்பினாள்.

“நம்ம கொட்டாயி எத்தினி தடவ பத்திக்கினு எரிஞ்சிருக்குது? அதுக்காக உனக்கு அம்மாவ குடுக்காமயா வுட்டாங்க? பேசாம நாளக் குறிச்சிடுப்பா.”

வாரம் முழுக்க முறுக்கி முறுக்கித் தொட்டியை உட்காரவைத்தவன் நான், கல்யாணத்தை உட்காரவைத்தது மட்டும் பிலோமினாவின் புண்ணியம்.