பனியா, பயணமா

நான் சாத்திரம், குறி, பேய் பிசாசு எதையும் நம்பாதவள். நம்பியிருந்தால் இத்தனை வருசமாக எத்தனை சாத்திரிமார் வாசலில் நின்றிருப்பேன். வன்னியில் சண்டை முடிந்த நேரம் என் கணவரை ஆமிக்காரர்கள் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான், பிறகு ஒரு தகவலும் இல்லை. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கிழமை இங்கே மேரியில், அதுதான் பிரெஞ்சு நகரசபைக் கந்தோரில், படிவம் நிரப்பிய ஒரு பெண், நான் கலியாணமானவளா, விதவையா என்று சாதாரணமாகக் கேட்டாள். கேள்வியை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னேன், பின்னால் நின்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய்த் தெருவில் நான் வேலை செய்யும் சாறிக் கடைக்குத் திரும்பியும் ஒரு சாறி மடிக்கக் கை வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் நோர்வேயிலிருந்து என் சித்தியின் மகன் சுதன் பொண்டிப் புறநகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். ஒரு சின்னப் பையைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தைச் சூட்டால் பொறித்த மரத்துண்டுகளைக் காட்டினான். அங்கே மியூசியம் கடையில் வாங்கியதாம்.

"வைக்கிங் எண்ட அந்தக் காலத்துக் கடலோடி ஆக்களின்ரை எழுத்து அக்கா, ரூன் எண்டு சொல்லுறது. ஒவ்வொண்டுக்கும் ஒரு கருத்து. இது பயணம். இந்த ஒற்றைக் கோடு பனி. கடல் தாண்டிப் போய்ச் செத்த ஆக்களுக்கும் இந்த எழுத்திலைதான் கல்லு வெட்டி வைச்சவை. இப்ப சனம் இதை வைச்சுக் குறியும் பாக்குது."

அவன் குளிக்கப் போன நேரம் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பதுபோல அந்த இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றினேன். பயணம் வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், பனி வந்தால் இல்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெறும் மரம். மற்றதையும் பிரித்தேன், அதிலும் எழுத்தில்லை. விரலால் தடவினேன், வழுவழுவென்று இருந்தது. அவர் செத்துவிட்டார் என்ற பதிலையாவது எனக்குத் தரக்கூடாதா என்று பிள்ளையாரைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டுச் சுதன் ஓடி வந்தான். விசயத்தைச் சொன்னேன்.

"எழுத்து இருக்குதே அக்கா, ரெண்டிலையும் வடிவாத் தெரியுது. எதை முதல் எடுத்தனீங்கள்?"

கையிலிருந்ததைக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லாதை சுதன்," என்றேன்.

அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை. எனக்கு அது இன்றைக்கும் வெறும் மரம், கண் டாக்டர் என் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்கிறார். முன்பெல்லாம் சுதன் போன் எடுத்தால், "அத்தான் வந்தவுடனை ரெண்டு பேரும் நோர்வேக்கு வாங்கோ" என்று சொல்லாமல் வைக்கமாட்டான். இப்போதும் எடுக்கிறான், சாப்பிட்டேனா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறான், அத்தானைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.