கித்துள் கருப்பட்டிப் பொங்கல்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பொங்கலன்று, றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நடந்தது இது.

அப்பாவின் அக்கா கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். இளம்பெண்ணாக இருந்தபோது, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அரசு ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். அப்பா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். அவர் இறந்த பிறகுதான் அத்தையால் வர முடிந்தது. மறுநாள் காலையில் திரும்பிப் போக வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்தவராயிற்றே என்று, பெல்மதுளை வரை போய் வெல்லமும் நெய்யும் முந்திரியும் வாங்கிவந்து, பசும்பாலில் பொங்கியிருந்தேன். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இல்லீங்களா அத்தை?"

"நல்லாத்தாம்மா இருக்கு. இதத்தான் அங்கயும் திங்கிறேன். எங்கம்மா தேங்காப்பால் ஊத்தி, கித்துள் கருப்பட்டி போட்டுப் பொங்குவாங்க. அதத் திங்கணும்னுதான் வந்தேன்."

 வீட்டில் கித்துள் கருப்பட்டி இல்லை. கடையில் கிடைப்பதோ சீனி கலந்தது. கீழே கிராமத்தில் கித்துள் பனையின் பதநீரைப் பாணியாக, கருப்பட்டியாகக் காய்ச்சும் சிங்கள அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஓடினேன். விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னதும், "இரு நங்கி, நானும் வாறேன்" என்று தங்கையிடம் சொல்வதுபோல் சொல்லி, சிரட்டையில் உறையவைத்த கருப்பட்டிகளோடு என் பின்னாலேயே மலையேறி வந்துவிட்டார். அவர் தேங்காய் துருவிப் பால் பிழிய, நான் மறுபடி பானையை ஏற்றினேன்.

அத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த அக்காவைப் பார்த்து, "ஹரி ரசய்" என்றார். ரொம்ப ருசி என்று சிங்களத்தில். எத்தனை வருடம் கழித்து அந்த வார்த்தை வந்ததோ! அத்தைக்குக் கண்ணீர் நிற்கவேயில்லை.

"அங்க இது கெடைக்காதும்மா. சீனியக் கொஞ்சம் கருக்கி, வெல்லத்தோட கலந்து, தேங்காப்பால் ஊத்திப் பாப்பேன். சிலோன்காரங்க பொங்கல்னு பக்கத்துல சிரிப்பாங்க. எம் புள்ளைங்களுக்கு அதுதான் பொங்கல். இதக் குடுத்தா புடிக்குமோ என்னவோ" என்று சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் ஒரு கருப்பட்டியைச் சேலைக்குள் சுற்றி எடுத்துப் போனார். அது எப்போதோ தீர்ந்திருக்கும். இப்போதெல்லாம் தைப்பொங்கலன்று தேங்காய்ப்பால் நுரைத்து வரும்போது, கோத்தகிரியில் ஓர் அடுப்பில் சீனி கருகிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அத்தைக்கு ஒரு கவளம் ஊட்ட முடியாத ஏக்கம் மட்டும் எனக்குத் தீரவேயில்லை.