பக்கத்து நாற்காலிக்காரர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு கோடவுனில் இருபது வருஷமாக எடை போடுகிறேன், தராசில் ஏறாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். குடிகாரன் பேச்சு என்று சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. குடியை விட்டு மூன்றாவது நாள். விட்டேன் என்பதே பொய், என் மனைவி லதா விட வைத்தாள். "இன்னைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போங்க. முடிஞ்சதும் நேரா போய் மோள் நந்தினியெ ட்யூஷன்லேர்ந்து கூட்டிட்டு வாங்க. இதும் தப்பினா நானும் அவளும் பாலக்காட்டுல அம்மா வீட்டுக்குப் போயிடுவோம், பின்னே போன்ல விளிக்க வேண்டாம்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன்.

குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம் அது. மெடிக்கல் ஷாப் சேட்டன்தான் வழி சொன்னார். போர்டு எதுவும் இருக்காது, கொப்பரைக் கோடவுனுக்கு மேலே மாடி, சாயா மணம் வந்தால் ஏறிவிடு என்று. அந்தத் தெருவில் எனக்குத் தெரியாத முகமே கிடையாது. யாராவது பார்த்துவிட்டால்? மூன்று தடவை படியைத் தாண்டிப் போய், மூன்று தடவையும் எதிர்க்கடையில் சுக்கு விலை விசாரித்தேன். "எடோ, அஞ்சு நிமிஷத்துல விலை மாறுமா?" என்று கடைக்காரர் எரிந்து விழுந்தார். அந்த வெட்கத்தில்தான் படியேறினேன்.

மேலே வட்டமாக நாற்காலிகள். சாயா போட்டுக்கொண்டிருந்த ஜோசப் சேட்டன் உட்காரச் சொன்னார். அங்கே ஒரு முறை உண்டு. பேர் மட்டும் போதும், வீடு எது, வேலை என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, முடித்த பிறகு கேள்வியும் கூடாது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஏனென்றால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சாயா நேரத்தில் சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுக்கடை வரிசையில் போய் நிற்பதாகத் திட்டம். ஒரே ஒரு ரவுண்டு, கை நடுக்கம் நிற்பதற்கு. லதாவுக்குக்கூடத் தெரியாது.

பக்கத்து நாற்காலியில் என்னைவிட நாலைந்து வயது கூடின ஒருவர். மற்றவர்கள் மலையாளத்தில் பேச, இவர் மட்டும் எங்கள் வீட்டுத் தமிழில், என் காதுக்கு மட்டும் சொல்கிற மாதிரி மெதுவாகப் பேசினார். இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே பிறை போல ஒரு சூட்டுத் தழும்பு. முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிகரெட்டுன்னு சொல்லிட்டுத்தான் கீழ இறங்கினேன்" என்றார். "ஒரு ரவுண்டுன்னுதான் போனேன். மோள் சுள்ளிக்கல்ல ட்யூஷன் வாசல்ல மழையில நின்னா. ஏழு மணி வரைக்கும் நான் வருவேன்னு நோக்கி நின்னா. பின்னே அவளே தனியா ரோட்டைக் கடந்தா..."

அங்கே நிறுத்திவிட்டார். பிறகு, "அப்பான்னு விளிக்க இப்போ ஆளில்ல" என்றார்.

நந்தினியின் ட்யூஷனும் சுள்ளிக்கல்லில்தான். யாரய்யா நீ என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன், ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, வாயை மூடிக்கொண்டேன். சாயா வந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மழை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, காலையிலிருந்து வெயில் கொளுத்திய நாள் அது. ஆட்டோ பிடித்துச் சுள்ளிக்கல் போனேன். நந்தினி வாசலில் நின்றிருந்தாள், பதிமூன்று வயது. என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. கிட்டே வந்து என் முகத்தை மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பையைக் கையில் கொடுத்தாள். ஆட்டோவில் அவளுக்குத் தெரியாமல் அழுதேன்.

அடுத்த வாரம் ஜோசப் சேட்டனிடம் அந்தத் தமிழ்க்காரரைப் பற்றிக் கேட்டேன். உன் பக்கத்து நாற்காலி காலியாகத்தானே இருந்தது, நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய், புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு, நாங்கள் கேட்பதில்லை என்றார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இல்லாததெல்லாம் தெரியும் என்று டாக்டரும் சொன்னார். அட, அவ்வளவுதானா என்று நானும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை.

இப்போது அங்கே சாயா போடுவது என் முறை. போன மாதம் கொதிக்கிற கெட்டில் கை தவறிச் சரிந்தது, அதன் விளிம்பு இடது கையில் பட்டுவிட்டது. புண் ஆறிக் கட்டைப் பிரித்த அன்றுதான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, பிறை போல. அன்று அவருக்கிருந்த வயதும் இன்று என் வயதும் கணக்குக்குச் சரியாக இருக்கிறது.

தழும்பு வந்துவிட்டது. மிச்சக் கதை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. நந்தினிக்குப் பதினெட்டு ஆகிறது, எர்ணாகுளத்தில் காலேஜ், தானே பஸ்ஸில் வந்துவிடுவாள், "எதுக்குப்பா தினம் வந்து நிக்கிறீங்க?" என்று சலித்துக்கொள்கிறாள். மழை நாளில் அரை மணி முன்பாகவே பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறேன்.