லூசிலா பிடித்த பிரேக்

கித்தோ நகரத்தில், எங்கள் சான் ஹுவான் மேட்டில் லூசிலாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அப்படியொரு பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். பிச்சிஞ்சா மலைமேல் மேகம் கொஞ்சம் கறுத்தால் மாடியில் காயும் துணியை எடுப்பாள், எனக்கும் சத்தம் போட்டு எடுக்கச் சொல்வாள். மழை வராமல் போனால், ஏன் வரவில்லை என்று அதற்கும் கவலை. மகள் கல்யாணமாகி குயாகில் போனதிலிருந்து, பார்த்தேயிராத அந்த ஊர் வெயிலுக்கும் கொசுவுக்கும் சேர்த்துப் பயப்படுகிறாள்.

அவள் என் எதிர்வீட்டுக்காரி. வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைப்பாள். புருஷன் எலாடியோ டவுன் பஸ் ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரர் நெல்சனும் அவனும் பால்ய சினேகிதர்கள். டிசம்பர் வந்துவிட்டால் இந்த இரண்டு பேரையும் கையில் பிடிக்க முடியாது. ஸ்பானியர்கள் வந்து கித்தோவை நிறுவிய நாள் ஆறாம் தேதி; அதற்குத்தான் விழா. அதற்கு முன்னால் இங்கே மனிதர்களே இல்லையா என்று நான் வருஷாவருஷம் கேட்பேன். "லீவு விடுறான்ல, வாயை மூடு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு வரலாறு அவ்வளவுதான்.

விழா நெருங்கினால், வீட்டு முன்னால் நான் நடத்தும் சின்னக் கடையில் பெஞ்சைப் போட்டு 'நாற்பது' சீட்டாட்டம் நடக்கும். ஜோடி ஜோடியாக ஆட வேண்டும். எதிராளி ஏழு போட்டால், உன் கையில் ஏழு இருந்தால், உடனே அதன் தலையில் அடிக்க வேண்டும். "விழுந்தான்!" என்று தெருவே அதிரும். தூக்கத்தில் எழுப்பிச் சீட்டைக் கொடுத்தாலும் இந்த ஊர்க்காரன் அதைத் தவறவிட மாட்டான். எலாடியோ தவறவிட்டான். எதிராளி போட்ட ராஜா மேஜையின் இடது ஓரத்தில் கிடக்கிறது, கையில் ராஜாவை வைத்துக்கொண்டு வேறெதையோ போட்டான்.

"டேய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"விடுறா, கவனிக்கல."

எல்லாரும் சிரித்தோம். லூசிலா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் இடது தோளைக் கதவில் இடித்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மெதுவாக அவன் கிளாஸை இடது பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் மேஜை முழுக்கத் தேடிவிட்டு, "என் கிளாஸை எவன்டா எடுத்தான்?" என்றான்.  இதை அவள் என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான்.

இடது பக்கம் பார்வை போவது அவனுக்குத் தெரியவே தெரியாது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? இவள் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ் டிரைவராக இருந்த அவனுடைய அண்ணனை, கை நடுக்கம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட பிறகு, அந்த மனிதர் குடித்தே செத்தார். கண்ணைப் பற்றிச் சொன்னால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் இவனும் போய்விடுவான் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இரண்டு பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் ஒரு வேலை செய்தாள். மறுநாள் காலையில் அவன் பஸ்ஸிலேயே ஏறி, அவன் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. தைக்க வேண்டிய துணி வீட்டில் மலையாகக் குவிந்தது. இவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இடது பக்கம் பைக் வருது பாரு", "அந்தப் பொம்பளை குறுக்க வருவா போலிருக்கு" என்று ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். பஸ்ஸில் ஏறும் எவளோ ஒருத்தியிடமிருந்து புருஷனைக் காவல் காக்கிறாள் என்று தெருவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"எந்த ஸ்டாப்புலக்கா ஏறுறா அந்தச் சிறுக்கி?" என்று அவளிடம் கேட்பார்கள். நானும்தான் கேட்டேன்.

"பொண்டாட்டியோட டியூட்டி பாக்குற டிரைவர் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்" என்று எலாடியோ பல்லைக் கடிப்பான். அவளோ கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகிவிட்டாள்.

ஆறாம் தேதி மரக்கார் பந்தயம். எஞ்சின் கிடையாது. பலகையில் செய்த வண்டியை மேட்டிலிருந்து தள்ளிவிட்டால் அது பாட்டுக்குச் சரிவில் பாயும். முன்னால் இருப்பவன் கயிற்றால் திருப்புவான். பின்னால் இருப்பவன் ஒரு கட்டையை இழுத்தால், அதன் அடியில் அடித்திருக்கும் டயர்த்துண்டு ரோட்டை உரசி வண்டி நிற்கும். வருஷாவருஷம் எலாடியோ ஓட்டுவான், என் வீட்டுக்காரர் கட்டை பிடிப்பார். இந்த வருஷம் மகராஜன் முந்தின நாள் பேண்டு வாத்திய பஸ்ஸில் ஏறி ஊரைச் சுற்றி, பட்டை போட்டுக் காய்ச்சிய சூடான கனெலாசோ சாராயத்தைக் குடம் குடமாகக் குடித்துவிட்டு வந்து, காலையில் கட்டிலை விட்டு எழவில்லை. தலையில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். "கித்தோ வாழ்க" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கட்டை பிடிக்க யாராவது வாங்கப்பா" என்று எலாடியோ தெருவில் நின்று கூவினான்.

"நான் உக்கார்றேன்" என்றாள் லூசிலா.

தெருவே சிரித்தது. "நீயா? பாத்ரூம் படியில இறங்கவே செவுத்தப் பிடிப்பியே!"

"வேணாம்னா நீயும் போகாத. போனா நானும்தான் வருவேன்."

ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்து, கீழே கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. கொடி இறங்கியது. போட்டிக்கு நின்ற இரண்டு வண்டியும் கடகடவென்று பாய்ந்தன. பார்க்கலாம் என்று நான் படிக்கட்டு வழியாகக் குறுக்கே இறங்கி வளைவுக்கு ஓடினேன். அவர்கள் முந்திக்கொண்டு வந்தார்கள். "இடது, இடது" என்று அவள் கத்துவது கேட்டது. அவனும் திருப்பிக்கொண்டே வந்தான்.

வளைவில், இடது ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களைத் தாண்டி ஒருத்தன் ரோட்டில் இறங்கிவிட்டான். தோளில் குழந்தை. போனைத் தூக்கிப் பிடித்துப் பின் வண்டியைப் படம் எடுக்கிறான். லூசிலா ஏதோ கத்தினாள், வளைவில் கூடியிருந்தவர்கள் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எலாடியோ கயிற்றை அசைக்கவே இல்லை. நேராக அந்த ஆள்மேலேயே வருகிறான். 

அவள் இரண்டு கையாலும் கட்டையை இழுத்தாள். ரப்பர் கருகும் நாற்றம். வண்டி பாதி வட்டம் சுற்றி, அந்த ஆளின் முழங்காலை உரசுகிற மாதிரி வந்து நின்றது. பின்னால் வந்த வண்டி அவர்களைக் கடந்து போய்விட்டது.

எலாடியோ ஹெல்மெட்டைக் கழற்றி வீசினான். "பைத்தியமாடி உனக்கு? எதுக்கு இழுத்த? ரோடு காலியாதானே இருக்கு!"

அந்த ஆள் அவனுக்கு இடது பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். தோளிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எலாடியோ தலையைத் திருப்பினான். குழந்தையைப் பார்த்தான். மறுபடி முகத்தை நேராக வைத்துப் பார்த்தான். மறுபடி திருப்பினான். சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் அப்போதுதான் புரிந்தது.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?" என்றான், சத்தமே இல்லாமல்.

"சீட்டாட்டத்துலருந்து."

"தெரிஞ்சும் என்னைப் பஸ் ஓட்ட விட்டியா?"

"நானும்தானே கூடவே வந்தேன்."

"நீ வந்த. உன் பின்னாடி பஸ் நிறைய உக்காந்திருந்தாங்களே, அவங்ககிட்ட யாரு கேட்டா?"

 ஊரில் இல்லாத ஆபத்துக்கெல்லாம் பயந்தவள், இருந்த ஒரே ஆபத்தை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

பஸ் சங்கத் தலைவர் தோன் அபெலார்தோ வளைவில் கொடி பிடித்து நின்றிருந்தார். எலாடியோ அவரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"தலைவரே, நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க. எனக்கு ஒரு பக்கம் கண்ணு தெரியல."

அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். லூசிலா வண்டியில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எலாடியோ வீசிய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். பிறகு கையை நீட்டினான்.

"எந்திரி. வீட்டுக்குப் போலாம். இடது பக்கம் படி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லு."