மறைக்க மறுத்த லூர்து அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பழைய பட்டறைத் தோழி போன் செய்தாள். "லூர்து அக்கா போயிட்டாங்கடி. ராத்திரி தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக்காம்." அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளோ மூச்சு விடாமல் அடுத்ததைக் கேட்டாள்: "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" எனக்கு வந்ததே கோபம்! "ஹார்ட் அட்டாக்னு நீதானடி சொன்னே?" என்று போனை வைத்துவிட்டேன். அவரைத் தெரியாதவர்களுக்கும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கணபதி பகுதியில் ஒரு சின்ன மோட்டார் பட்டறை. லூர்துமேரி அங்கே வைண்டிங்கில் செம்புக்கம்பி சுற்றுபவர். சிகிச்சை எடுத்து, குடியை விட்டு, அவர் திரும்பவும் வேலைக்கு வந்திருந்த சமயத்தில்தான் நான் சேர்ந்தேன். கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் ஒவ்வொருவரும் அவர் முகத்தருகே போய் மோந்து பார்ப்பார்கள். அவருக்குத் தெரியாதா என்ன? "மோந்து பாத்தாச்சா கண்ணு? போயி வேலையைப் பாரு" என்பார், கை நிற்காது. காய்ச்சலில் கை நடுங்கினாலும் சரி, பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாலும் சரி, "ஆரம்பிச்சுட்டா" என்று ஒரு முணுமுணுப்பு எழும்.

இத்தனைக்கும் பட்டறை ஆண்களில் பாதிப் பேர் சாயங்காலமானால் கடைக்குத்தான் போவார்கள். ஆயுத பூஜையன்று உள்ளேயே பாட்டில் திறப்பார்கள். அவர்களெல்லாம் களைப்புக்குச் சாப்பிடுகிறவர்கள். இவர் மட்டும் குடிகாரி, விட்ட பிறகும் குடிகாரி. ஒருநாள் அவரே கேட்டுவிட்டார்: "மஞ்சக்காமாலை வந்து நல்லானவனை அப்புறமும் காமாலைக்காரன்னா கூப்பிடறீங்க?"

இரக்கப்பட்டவர்களையும் அவர் சும்மா விட்டதில்லை. "பாவம், புருசன் போன துக்கத்துல பழகிட்டாங்க" என்று ஒருத்தி பரிந்து பேசினாள். "அவரு இருக்கறப்பவே குடிச்சேனுங்க. செத்துப்போன மனுசன் மேல எதுக்குப் பழி?" என்றார் அக்கா. பட்டறையே சிரித்துவிட்டது.

பிறகு அவர் மகன் அந்தோணிக்குப் பெண் அமைந்தது. பெண் பெயர் ஸ்டெல்லா, ஊர் கிணத்துக்கடவு. சம்பந்தம் பேசினால் வேலை செய்கிற இடத்தில் வந்து விசாரிப்பது வழக்கம்தானே. ஸ்டெல்லாவின் அப்பா பட்டறைக்கு வந்தார். முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, "தங்கமான அம்மணிங்க. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, எந்தக் காலத்துலயும் இருந்ததில்லீங்க" என்று சொல்லி அனுப்பினார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். சாயங்காலம் அதைப் பெருமையாக அக்காவிடமும் சொன்னார்.

அக்காவின் கை அன்றுதான் நின்றது. "ஏனுங்க, என் வாழ்க்கையில நான் செஞ்ச பெரிய காரியம் அதை விட்டதுதானுங்க. அது நடக்கவே இல்லைன்னு சொல்லிப்போட்டீங்களே!"

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். முதல் ஓலைக்கு முந்தின நாள், அக்கா பெண் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், இதைக் கெடுத்துப்போடாதே." அக்கா அழுதார். ஆனால் நிற்கவில்லை. என்னிடம், "துணைக்கு வா அம்மணி. பாதியில இறங்கி ஓடிப்போயிருவேனோன்னு பயமா இருக்குது" என்றார். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம்.

அந்த வீட்டில் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டார். "நான் குடிச்சுட்டு இருந்தவளுங்க. ஆஸ்பத்திரியில சேந்து அதை விட்டேன். முதலாளி சொன்னது பொய்யிங்க."

ஸ்டெல்லாவின் அப்பா செருமினார். "நாங்களும் எப்பவாச்சும் சாப்பிடறதுதானுங்க. ஆனா ஒரு பொம்பளை..." என்று இழுத்தார்.

"ஆமாங்க, பொம்பளைதானுங்க" என்றார் அக்கா.

ஸ்டெல்லா உள்ளிருந்து வந்து கேட்டாள்: "இனிமே குடிக்க மாட்டீங்களா?"

"இன்னைக்குக் குடிக்கலை கண்ணு. நாளைக்கும் குடிக்காம இருக்கோணும்னுதான் பாடுபடறேன். சத்தியம் பண்ணச் சொன்னா எனக்குப் பயமா இருக்குது."

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கோயிலில் இவர்கள் ஓலையை வாசிக்கவில்லை. வேறு யார் யார் பெயரோ வாசித்தார்கள். அக்கா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அந்தோணி அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான். ஊரெல்லாம், "இவளை யாரு வாயைத் திறக்கச் சொன்னது?" என்றது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

சில வாரம் கழித்துப் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஸ்டெல்லா பிடிவாதமாக இருந்தாளாம். "எனக்குப் பார்த்த இடத்துலயெல்லாம் எங்கிட்ட உண்மையச் சொன்ன வீடு இது ஒண்ணுதான்" என்றாளாம். கல்யாணம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் அக்கா பந்தி பந்தியாக ஓடி ஓடிக் கவனித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போதும் சிலர் மோந்து பார்த்தார்கள்தான். பேத்தி பிறந்ததும் ஸ்டெல்லா யோசிக்காமல் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அக்கம்பக்கத்தில் அதற்கும் ஒரு பேச்சு. ஸ்டெல்லா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று கல்லறையில் எல்லோரும் மண் போட்டு முடித்துக் கலைந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "அவிய எந்த ஆஸ்பத்திரிக்குப் போயி குடியை விட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"சம்பந்தியம்மா எங்கூட்டுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கே கேக்கோணும்னு இருந்துச்சுங்க. நானும் குடிகாரன்னு ஆயிருமேன்னு வெக்கப்பட்டுட்டு இருந்துட்டேன். இத்தனை வருசம், ஒரே குடும்பத்துல இருந்துட்டு, ஒரு வார்த்தை கேக்கலை."

அக்கா, நீங்கள் இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். நாளைக் காலையில் அந்த ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போகிறேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.