கம்யூனிகேஷன் படிக்கப்போகிறாள்

இந்த ஊர்ப் பல் டாக்டர் என்னைப் பார்த்துப் பேசுவதே இல்லை. காரோட்டிக்கொண்டு வந்தவன் நான், பக்கத்தில் பதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். ஆனால் பல்லைப் பிடுங்கலாமா, அடைக்கலாமா என்று என் மகள் காவ்யாவிடம்தான் கேட்பார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான். மாண்ட்ரியலுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. திருச்சியில் எனக்கு வயிற்றுவலி வந்தபோதெல்லாம், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று டாக்டருக்கு விளக்கியவர் என் அப்பா. நான் சட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும். பிறகு நான் என்ன படிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்: எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். அதைப் படித்துத்தான் இன்று புவாண்ட்-கிளேரில் ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, சேஜெப்பில் அறிவியல் பிரிவில் இருக்கும் மகள் (சேஜெப் என்பது நம் ஊர் பிளஸ் டூவைப் போல, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) ஒருநாள் தோசையைப் பிய்த்தபடி, "கம்யூனிகேஷன் சயின்ஸ் இல்லன்னா சோசியாலஜி அப்ளை பண்ணப்போறேன்" என்று சொன்னபோது என் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கம்யூனிகேஷன் என்றாள், சயின்ஸ் என்றும் சொன்னாள். தமிழ்நாட்டு அப்பனுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே திருச்சியில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டேன். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று அவளும் மகிழ்ந்து, உறையூர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பல்கலைக்கழகத்தில் வருங்கால மாணவர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கும் நாள் ஒன்று உண்டு. போன சனிக்கிழமை போனோம். அங்கேயும் பல் டாக்டர் கதைதான். வரவேற்ற பேராசிரியை மகளிடம் கைகுலுக்கினார், என்னிடம் காப்பி இருக்கும் மேசையைக் காட்டினார். நான் விடவில்லை. என் அரைகுறைப் பிரெஞ்சில், "உங்கள் ஆய்வுக்கூடம் எங்கே?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எந்தப் பெற்றோரும் இதைக் கேட்டதில்லை என்றார். ஒரு அறைக்கு அழைத்துப்போனார். உள்ளே ஒரு வட்ட மேசை, நாலு நாற்காலி, கூரையில் ஒரு மைக். அவ்வளவுதான். ஒயர் உண்டா, சிக்னல் அளக்கும் கருவி உண்டா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "இங்கே என்ன அளக்கிறீர்கள்?" என்றேன்.

"ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று" என்றார் அவர். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். காவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நான் படித்த கம்யூனிகேஷனே இல்லை, மனிதர்கள் பேசிக்கொள்வதைப் பற்றிய படிப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி தங்கையிடம் என்னவென்று சொல்வது? அலுவலகத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் சிவாவிடம் புலம்பினேன். "பிள்ளை விரும்பினதைப் படிக்கட்டும் அண்ணை. நீங்கள் மறிச்சால் பேந்து உங்களோட கதைக்கவும் மாட்டாள்" என்றார். இப்போதே அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவள் பேச்சைக் குறைத்தது போன வருஷம், என் தம்பி முரளியின் சாவுக்குப் பிறகு. முரளி அப்பா பேச்சைக் கேட்காமல் பி.ஏ. சேர்ந்தவன். அன்று வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து என் மகளிடம் அரட்டை அடித்தவனும் அவன்தான். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அவன் கொடுத்தது. ஒருநாள் காலையில் தங்கை கணவர் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "மச்சான், முரளிக்கு சீரியஸ். உடனே கிளம்பி வாங்க."

தூரத்தில் இருப்பவனுக்கு நம் ஊரில் சாவுச் சேதியை இப்படித்தான் சொல்வார்கள். வழியில் உடைந்துவிடாமல் பத்திரமாக வந்து சேரட்டும் என்கிற கரிசனம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, தம்பி போய்விட்டான். காவ்யாவுக்கு அது வெறும் இங்கிலீஷ் வார்த்தை. "சீரியஸ்னா ஐசியூவா? எந்த ஆஸ்பத்திரி? ஹார்ட்டா?" என்று கேட்டாள். "கிளம்பலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

விமானத்தில் அவள் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தாள். வழியில் விமான நிலையத்தில் சித்தப்பாவுக்கென்று மேப்பிள் பிஸ்கட் வாங்கினாள். சர்க்கரை இருக்கிறவருக்கு இது ஆகுமா என்று என்னைக் கேட்டாள். ஆகும் என்றேன். உறையூரில் கார் திரும்பியதும் தெருவை அடைத்துப் பந்தல், சிவப்பு நாற்காலிகள், வாசலில் ஐஸ் பெட்டி. அவள் பிஸ்கட் பையோடு நடுத்தெருவில் நின்றாள். ஐஸ் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

நேற்று அவளை மெட்ரோவிலிருந்து கூட்டிக்கொண்டு கர்க்லாண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் காரை நிறுத்தியும் அவள் இறங்கவில்லை.

"சோசியாலஜி வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். கம்யூனிகேஷன்தான். ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"சீரியஸ்னு ஒரே வார்த்தைப்பா. நீங்க கேட்டப்ப சித்தப்பா இல்ல. நான் கேட்டப்ப இருந்தார். அது எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அந்தப் பேராசிரியையின் மைக் காருக்குள் இருந்திருந்தால் இந்த இடைவெளியை நன்றாக அளந்திருக்கும்.

"அன்னிக்கு நீங்க என்கிட்ட எப்படிச் சொல்லியிருக்கணும்? இப்பச் சொல்லுங்க."

"சித்தப்பா... தவறிட்டார்ம்மா."

"தவறுன்னா மிஸ்டேக்தானே?"

வேறு வார்த்தை தேடினேன். காலமானார், போய்ச் சேர்ந்தார், சாமிகிட்ட போயிட்டார். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கமாக நழுவியது. செத்துட்டான் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. வந்த புதிதில் அரசாங்கத்துப் பிரெஞ்சு வகுப்பில் வந்தான், போனான், பிறந்தான், செத்தான் என்ற வினைச்சொற்களை ஒரே மூச்சில் ஒப்பிக்க வைப்பார்கள். அதுதான் வாயில் வந்தது.

"மோன் ஃப்ரேர் ஏ மோர்" என்றேன். என் தம்பி செத்துவிட்டான்.

காவ்யா ஸ்டீயரிங்கில் இருந்த என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். இதற்காகத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்குத்தான் அழுகை வரவில்லை. யாரோ ஒரு கியூபெக்காரனின் தம்பி செத்த சேதியைச் சொன்னதுபோல் இருந்தது. தமிழில் என் முரளி இன்னும் சீரியஸாகத்தான் இருக்கிறான்.